கறந்த சூட்டுப் பாலும் சாயங்காலக் காய்ச்சலும்

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வேலையில் நோயாளி வாயைத் திறக்காது, கூட வந்தவர் வாயை மூட மாட்டார். நடுவில் நின்று முழிப்பது நம் தலையெழுத்து. அறுபதுகளில் செஞ்சியில் நான் அந்த வேலை பார்த்தேன். மாடு உதைத்த முழங்காலைத் தடவிக்கொண்டே இதைப் படிக்கும் சக கம்பவுண்டர் யாராவது இருந்தால், நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆலமரத்துக்குப் போகாத மூட்டை

கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த அப்பாண்டை நயினார் நெல் வியாபாரி. அவலூர்பேட்டைச் சந்தையில் ஒரு சிந்திக் கலப்புச் சினைமாட்டைப் பிடித்து வந்தார். பார்க்க லட்சணமான மாடு. வந்த சில வாரங்களில், எட்டாம் மாதத்திலேயே, செத்த கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. டாக்டர் அதை எடுத்துப் போட்டார், நான் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நஞ்சுக்கொடியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. சாக்கில் கட்டி ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். மரத்தில் பால் வடிகிற மாதிரி மடியிலும் இறங்கும் என்று நம்பிக்கை. நான் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஏழுமலை வந்து நின்றார். மாட்டுக்குச் சொந்தக்காரரைவிட அவருக்குத்தான் விசாரம் அதிகம்.

"மரத்துல கட்டாம பொதைச்சிட்டா பாலு எப்டி எறங்கும்? நாளைக்கி நான் இன்னாத்த குடிக்கறது?"

சொம்போடு வருகிறவர்

ஆலமரத்தைக் கேட்காமலே பால் இறங்கியது. கன்று இல்லாவிட்டாலும் தவிடு வைத்தால் அந்த மாடு மடி விடும். தினமும் விடிந்ததும் ஏழுமலை பித்தளைச் சொம்போடு வந்து மாட்டின் பக்கத்திலேயே நிற்பார். பீய்ச்சிய நுரையோடு வாங்கி, அங்கேயே நின்றபடி ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொள்வார். நாள் முழுக்க மெஷின் மிதிக்கிற காலுக்கு அதுதான் பலமாம்.

ஒருநாள் காய்ச்சிக் குடித்தால் என்ன என்று சும்மா கேட்டுவைத்தேன். அப்போது எனக்கும் காரணம் ஒன்றும் தெரியாது. என் வீட்டில் காய்ச்சித்தான் குடிப்போம், அவ்வளவுதான். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காய்ச்சினா சத்தெல்லாம் ஆவியா பூடும், கம்பவுண்டரே. மிச்சம் நிக்கறது வெள்ளத் தண்ணி."

ஒரே மாடு, ஒரே பால்

இரண்டு மாதம் கழித்து ஏழுமலைக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் காயும், ஒரு வாரம் விட்டுவிடும். ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும்போது மறுபடி ஒரு சாயங்காலம் குளிர் எடுக்கும். ராத்திரி வேர்த்து பாய் நனைந்துவிடும். மலேரியா என்று அவரே முடிவு செய்து மாத்திரை வாங்கி விழுங்கினார். இடுப்பு வலியில் மெஷின் முன்னால் உட்காரக்கூட முடியவில்லை. கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது.

உடம்பு இளைக்க இளைக்க, பச்சைப்பாலை ஒரு சொம்பிலிருந்து இரண்டாக ஏற்றினார். அது போதாதென்று ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த மனைவி கன்னியம்மாளையும் குடிக்கச் சொல்லி நச்சரித்தார். நல்லவேளையாக அந்த அம்மாவுக்குப் பச்சைப்பால் வாடையே குமட்டியது. அவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, காளைமாட்டுக்குப் போடுகிற ஊசியில் கால்வாசி தன் வீட்டுக்காரருக்குப் போட்டால் ஆகாதா என்று கேட்டார். சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பளிக்குள் கிடந்த ஏழுமலைக்கு நயினார் வீட்டின் மேலேயே சந்தேகம். எதையோ கலந்து கொடுக்கிறார்கள் என்று பேச்சை இழுத்தார். சண்டைக்கு ஆள் தயார், எழுந்திருக்கத்தான் தெம்பில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் என் மண்டைக்குள் புகுந்து குடையத் தொடங்கியது.

"ஒரே மாடு, ஒரே பாலு. அவங்க வூட்ல அஞ்சு பேரும் குண்டுக்கல்லாட்டம் இருக்காங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு காய்ச்சலு?"

இரண்டு நாழிகைக் கணக்கு

மறுநாள் காலை பால் கறக்கும் நேரத்துக்கு நயினார் வீட்டுக்குப் போனேன். தீவனத்தைப் பார்த்தேன், தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன், பாத்திரத்தை முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கறந்து முடிந்ததும் நயினாரின் மனைவி பத்மாவதி அம்மாள் பாலை வெள்ளைத் துணியில் வடிகட்டி நேரே அடுப்பில் ஏற்றினார். ஏற்றும்போது சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார்.

பாலுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஜைனர்களான அவர்கள் வீட்டில் கறந்த பாலை இரண்டு நாழிகைக்குள் பொங்கக் காய்ச்சியாக வேண்டும், அதாவது முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தவறினால் அந்தப் பாலை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். உயிரைக் கொல்லாதவர்கள் காய்ச்சலாமா என்று குறுக்குக் கேள்வி போட்டேன். அவர் கரண்டியால் கிளறிக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"பால்ல உயிர் உண்டானப்புறம் காய்ச்சினா பாவம். அதனாலதான் உண்டாகறதுக்கு முன்னாடியே காய்ச்சிடறோம்."

கன்னியம்மாள் சொன்னது

நயினார் வீட்டில் காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஏழுமலை பச்சையாகக் குடிக்கிறார், காய்ச்சல் அவருக்கு மட்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். அன்றைக்கே மாட்டின் ரத்தத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினோம். கன்று வீச்சு நோய் என்று பதில் வந்தது. அந்தக் கிருமி மடியிலேயே தங்கிப் பாலில் இறங்கும், காய்ச்சினால் செத்துவிடும், பச்சையாகக் குடித்த மனிதருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும் என்று டாக்டர் விளக்கினார். பத்மாவதி அம்மாள் கணக்குப்படி உயிர் பிறகு வருகிறது, எங்கள் கணக்குப்படி முதலிலேயே இருக்கிறது. இரண்டு கணக்கும் அடுப்பில்தான் போய் முடிகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஏழுமலை பாண்டிச்சேரி போய் ரத்தம் கொடுத்தார். அதிலும் அதே கிருமி. வாரக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாகி ஆள் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டது பச்சைப்பால். அந்த மாடு வேண்டாம், வேறு மாட்டுப் பாலாம், கன்னியம்மாளுக்கும் சேர்த்து. எந்த மாட்டின் மடியில் கிருமி இருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாதே, எனக்குக் கோபம் வந்துவிட்டது. கர்ப்பிணிக்கு அந்தக் கிருமி என்ன செய்யும் என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை, ஆனால் என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் கொடுக்கமாட்டேன் என்றார். அதை அப்படியே கன்னியம்மாளிடம் சொன்னேன். அவர் புருஷன் பக்கம் திரும்பினார்.

"அந்த மாடு கன்னு வீசினப்ப வேலியண்ட நின்னு நானும் பாத்தேன். இனிமே காய்ச்சாத பாலு இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

தரகருக்குச் சொன்ன பதில்

மாட்டுக்கு மருந்து கிடையாது. சேதி தெரிந்து அவலூர்பேட்டைத் தரகர் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் தெற்கே எங்காவது தள்ளிவிடலாம் என்றார். நயினார் தலையாட்டவில்லை. கொல்லையின் கோடியில் தனிக் கொட்டகை போட்டு, கறவையை நிறுத்தி, சாகும்வரை தீனி போட்டார்.

"மாட்ட வித்தா நோயையும் சேத்துத்தானே விக்கறோம்? வாங்கறவன் வீட்லயும் பிள்ளைங்க இருக்கும்."

என் காய்ச்சல்

கன்னியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். கேள்விப்பட்ட அன்று எனக்கிருந்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆடுகளிடம்கூட மரியாதையாக நடந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் மண்டகப்பட்டில் ஒரு மாடு கன்று வீசியது. அவசரத்தில் கையுறை இல்லாமல், விரலில் வெட்டுக்காயத்தோடு நஞ்சுக்கொடியை எடுத்தேன். சில வாரத்தில் சாயங்காலக் காய்ச்சல். அந்தக் கிருமி தோலில் உள்ள காயம் வழியாகவும் ஏறும் என்று டாக்டர் திட்டிக்கொண்டே ஊசிக்கு ஏற்பாடு செய்தார். என்னைப் பார்க்க ஏழுமலை வந்தார், இடுப்பில் குழந்தை, கையில் ஒரு தூக்குப் பால். காயத்தைக் காட்டி நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஒரு வார்த்தையும் நம்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, வெளியே யாருக்கும் கேட்டுவிடாத குரலில் ஆறுதல் சொன்னார்.

"ஆசை யார வுட்டுச்சி, கம்பவுண்டரே. இனிமேலாவது காய்ச்சிக் குடிங்க."

அந்தக் குழந்தை நன்றாக வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை, ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒளிந்து பச்சைப்பால் குடித்த கம்பவுண்டர் என்றுதான் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்குப் பெயர்.