சூரிச்சுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்

லண்டனிலிருந்து சூரிச்சுக்கு ஏறக்குறைய எண்ணூறு கிலோமீற்றர். விமானத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலம். சுலோச்சனா அக்காவுக்கு இது மனப்பாடம். லண்டன் டூட்டிங்கில் நாங்கள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டே சொல்லுவார்.

"இதே லண்டனில, இல்ஃபோர்ட்டில இருக்கிற மகளிட்டப் போய்வர எனக்கு இரண்டரை மணித்தியாலம். அதுக்குள்ள நாயகியிட்டப் போய்த் தேத்தண்ணியும் குடிச்சிடுவன்."

நாயகி என்பது அவருடைய ஒரே தங்கை தவநாயகி. சூரிச்சில் இருபத்தாறு வருடம். பங்குனியிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். அக்காவுக்கு லண்டனில் நிரந்தர வதிவிடம் உண்டு. ஆனால் கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். சூரிச்சுக்குப் போக விசா வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். கடையில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லாருடைய கடிதமும் என் தலையில்தான் விழும். தங்கையைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. நீங்கள் இருவரும் சகோதரிகள் என்பதற்கு ஆதாரம் போதாதாம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கொத்துரொட்டித் தட்டில் போட்டுக் கொத்தியிருப்பேன். விஷயம் இதுதான். அப்பாவின் பெயர் சிவஞானம். அக்கா இங்கே வந்தபோது அந்த 'ஞா'வை ஆங்கிலத்தில் ஜி சேர்த்து எழுதினார்கள். சூரிச்சில் தங்கையைப் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி ஜி இல்லாமல் எழுதினார்கள். இருபத்தாறு வருடமாக அதை ஒருவரும் கவனிக்கவில்லை. தமிழில் ஒரே அப்பா, ஆங்கிலத்தில் இரண்டு பேர். பிறப்புப் பத்திரங்கள், தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டன. நகல் கேட்டு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதுதான் அரச செயலகத்துக்கு, எழுதினோம். தேடுகிறார்களாம்.

"எங்கட மூக்கைப் பாத்தாலே தெரியுமே" என்று அக்கா சொன்னதால் இருவருடைய படத்தையும் விசாக்காரருக்கு அனுப்பிவைத்தேன். மூக்கை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் காலை பத்தரைக்கு வீடியோ அழைப்பு வரும்.

"எப்பயக்கா வாறியள்?" என்று நாயகி கேட்பார்.

"வாறன், வாறன். ஒன்றே முக்கால் மணித்தியாலம்தானே."

அழைப்பு முடிந்ததும் அக்கா குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். நாங்கள் பார்க்காதது போல இருப்போம்.

போன செவ்வாய் அழைப்பு வரவில்லை. மத்தியானம் மரண அறிவித்தல்தான் வந்தது. அக்கா போனை என்னிடம் நீட்டினார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சூரிச்சை வதிவிடமாகவும் கொண்ட தவநாயகி, காலஞ்சென்ற சிவஞானத்தின் அன்பு மகளும் லண்டனில் வசிக்கும் சுலோச்சனாவின் பாசமிகு சகோதரியும் ஆவார் என்று இருந்தது.

"ரஜனி, இதில எழுதிக் கிடக்கு பார், நான் அவளின்ர சகோதரி எண்டு. சனிக்கிழமைதான் அவளை எடுக்கினம். இங்கிலீஷில மாத்தி இப்பவே விசாக்காரருக்கு அனுப்பு."

கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த கணினியில் உட்கார்ந்தேன். நாயகியின் பெயரை எழுதினேன், ஊரை எழுதினேன். சிவஞானம் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அக்கா, ஜி போடவோ, விடவோ?"



"எதைப் போட்டாலும் எங்களில ஒருத்தி அப்பான்ர பிள்ளை இல்லாமப் போயிடுவாள்" என்றார்.