றெஜி அண்ணையின் ஏழாவது விதி

மத்தியஸ்தர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும்போதே றெஜி அண்ணை சோபாவை விட்டு எழும்பிவிடுவார். தீர்ப்பு எந்தப் பக்கம் என்று தெரியும்வரை காத்திருப்பது அவருக்கு நேர விரயம். "உவனுக்குக் கண் முன்னுக்கோ பின்னுக்கோ?" என்று தொலைக்காட்சியைக் கேட்பார். தீர்ப்பு தான் ஆதரிக்கிற நோர்வேக் கழகத்துக்குச் சாதகம் என்று தெரிந்ததும் அதே மூச்சில், "இப்பதான் கண் திறந்திருக்கு" என்று உட்கார்ந்துவிடுவார். சத்தத்தை முன்னரே நிறுத்தி வைத்திருப்பார். வர்ணனை செய்கிறவர்கள் எல்லாரும் எதிர்க்கழகத்தின் ஆட்கள் என்பது அவருடைய முடிவு. ஆகவே ஒஸ்லோவின் புருசெத்தில் அவர் வீட்டு நாலாம் மாடியில் ஞாயிறு மாலைப் போட்டிகளுக்கு வர்ணனையும் அவரே, தமிழில்.

நானும் வரதராசா அண்ணையும் அங்கே போய்வரத் தொடங்கிப் பதினைந்து வருடம் இருக்கும். வரதராசா அண்ணை எங்கள் தமிழ் விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர், பொறுமைசாலி. றெஜி அண்ணை சொல்வதை மறுத்துச் சொல்ல ஓராள் வேண்டும், அதற்கு அவர் வருகிறார். நான் றோல்ஸ் சாப்பிட வருகிறேன்.

ஆட்டம் தொடங்குமுன் வீரர்களின் பட்டியல் திரையில் வரும். மாதா கோயிலில் பாதிரியார் கலியாண ஓலை கூறுகிற குரலில் றெஜி அண்ணை அதை வாசிப்பார். "இவன் காம்பியா. இவன் நைஜீரியா. இவன் ஐவரி கோஸ்ட். உவன் டென்மார்க்."

"டென்மார்க் பக்கத்து நாடெல்லோ, றெஜி," என்பார் வரதராசா அண்ணை.

"பக்கத்து நாடெண்டாலும் வெளிநாடுதான், ஐசே. இப்பிடியே போனா எங்கட பெடியள் எங்கை போய் விளையாடுறது?"

எங்கட பெடியள் என்றால் ஊலா, லார்ஸ், ஸ்திக் என்கிற நோர்வேஜியப் பெடியள். அவர்களுடைய எதிர்காலத்தை நினைத்து றெஜி அண்ணை படுகிற கவலையை அவர்களைப் பெற்ற தாய்தகப்பன்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். வெளிநாட்டு வீரர் எத்தனை பேர் விளையாடலாம் என்று சட்டம் வரவேண்டும் என்பார். மூன்று என்பார். தன் கழகம் தோற்ற வாரங்களில் அது இரண்டாகக் குறையும். காம்பியாக்காரன் கோல் அடித்த வாரத்தில் மட்டும், "பெடியன் இஞ்சத்தையான் மாதிரித்தான், நல்லாப் பழகிட்டான்" என்று ஒரு விதிவிலக்கு உண்டு.

அவருக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில், இருபத்தெட்டு வருடமாக. அங்கே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எரித்திரியா, பிலிப்பைன்ஸ், போலந்து, சோமாலியா, பிறகு யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்த றெஜி அண்ணை. அந்தச் சமையலறையில் அசல் நோர்வேஜியம் என்று சொல்லக்கூடியது குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் மண்ணிறச் சீஸ் ஒன்றுதான். இதை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன்.

"அது வேலை, தம்பி. இது பந்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்."

எண்பத்தெட்டில் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் இருந்தவர். உள்ளூர்க் கழகத்துக்கு ஒருநாள் பத்துப் பேர்தான் தேறினார்களாம். மீன் ஆலையில் நின்றவரைப் பூட்ஸோடு அள்ளிக்கொண்டு போனார்களாம். "கால் விறைச்சுப் போச்சு, பந்து எங்கையெண்டும் தெரியேல்லை. எண்டாலும் ஒண்டு அடிச்சனான். ஊரே என்னைத் தூக்கினது." இந்தக் கதையையும் வெளிநாட்டு வீரர் பற்றிய கவலையையும் ஒரே மாலையில், ஒரே கோப்பைத் தேத்தண்ணிக்குள் சொல்லி முடிப்பார். ஒன்று மற்றதைத் தட்டியதாக அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மத்தியஸ்தர்களின் தரம் பற்றி அவரிடம் கேட்கவே தேவையில்லை. வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற முறை வந்தபோது ஆதரித்தார். அது தன் கழகத்தின் கோல் ஒன்றை ஓவ்சைட் என்று அழித்த நாளிலிருந்து எதிர்க்கிறார். அந்த முறையை எதிர்த்து ஒருமுறை ரசிகர்கள் மைதானத்துக்குள் மீன் கேக்குகளை எறிந்து ஆட்டத்தைக் குழப்பினார்கள் அல்லவா, அன்றைக்குத்தான் அவர் தடுமாறிப் போனார். கொள்கை அவருடையது, மீன் கேக்கும் அவர் வாரத்தில் இரண்டு நாள் இருநூறு பொரிக்கிற சாமான். "எதிர்க்கிறது சரி. ஆனா அந்தக் கேக்கை ஆரோ ஒருத்தன் நிண்டு பொரிச்சிருப்பான்தானே?" என்று கனநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் வீட்டுக்குள் நடக்கிற கூத்து. ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் ஆவணி மாதத்தில் எங்களுடைய சொந்தச் சுற்றுப்போட்டி வரும். ஊர்ப்பெயர்களில் கழகங்கள், ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று பிரிவுகள். அங்கே மத்தியஸ்தராகத் தமிழர் ஒருவர் நிற்க முடியாது. ஒருமுறை மன்னார்க்காரர் ஒருவர் நின்றார், நேர்மையான மனிதர். அவர் பெனால்டி கொடுத்து இரண்டு நிமிடத்துக்குள் அவருடைய மனைவியின் தம்பி யார், அவன் பெண் எடுத்தது எந்த ஊரில் என்று எல்லைக்கோட்டில் நின்றே கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த வீடியோவும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அன்றிலிருந்து வெள்ளைக்காரர்தான். இதற்கு றெஜி அண்ணை ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறார்:

"விளையாடுறவன் எங்கட ஆளா இருக்கோணும். விசில் ஊதுறவன் எங்கட ஆளா இருக்கப்படாது."

வருகிற மத்தியஸ்தருக்கு முதலில் றோல்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். பத்தாம் நிமிடத்தில் அதே ஆளைத் தமிழில் வாய்க்கு வந்தபடி ஏசுபவரும் அவர்.

போன வருடம் நானும் றெஜி அண்ணையும் சேர்ந்த எங்கள் கழகத்தைத் தோற்கடித்துக் கிண்ணத்தை மகேசனின் கழகம் கொண்டுபோனது. மகேசனின் மனைவி நோர்வேஜியப் பெண். மகன்மார் இரண்டு பேரும் ஆறடிக்கு மேல். மூத்தவன் எலியாஸ் இறுதிப்போட்டியில் தலையால் மூன்று கோல் அடித்தான், ஒவ்வொன்றுக்கும் எங்கள் பெடியள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்மேளனத்தின் மாசி மாதக் கூட்டத்தில் றெஜி அண்ணை எழும்பினார். கையில் ஒரு கடதாசி. ஏற்கெனவே இருக்கிற ஆறு விதிகளோடு ஏழாவதாக ஒன்று: தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது ஈழத்தமிழர் அல்லாத ஆட்டக்காரர் வெளியார் எனக் கொள்ளப்படுவார், எந்தப் பிரிவிலும் ஓரணிக்கு ஒரு வெளியார் மட்டும்.

பின்வரிசையில் இருந்த சென்னைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். கணினி வேலைக்கு வந்தவர், அவருடைய மகள் சம்யுக்தா எங்கள் கழகத்துச் சிறுமியர் அணியின் கோல் கீப்பர்.

"சார், நாங்களும் தமிழ்தானே சார்? எங்களைப் போய் ஃபாரின்னு சொன்னா எப்படி?"

"நீங்கள் தமிழ்தான் ஐயா, இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்றார் றெஜி அண்ணை, மிகவும் மரியாதையாக. "எங்கட ஆக்கள் இல்லை, அவ்வளவுதான்."

மூலையில் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. வாக்கெடுப்பில் முப்பத்தொன்பது கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது, பொய் சொல்லக்கூடாது. விதியை நோர்வேஜிய மொழியிலும் எழுதி வைக்கவேண்டும் என்று றெஜி அண்ணை அடம்பிடித்தார். "பிறகு றெபறி தனக்குத் தெரியாதெண்டு கையை விரிக்கப்படாது."

வைகாசியில் அவருடைய பேத்தி சோஃபி, தானும் அப்பப்பாவின் கழகத்துக்கு விளையாடப்போவதாகச் சொன்னாள். மகன் டானியலின் ஒரே பிள்ளை, பதின்மூன்று வயது. டானியலும் நோர்வேஜிய மருமகளும் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறார்கள். றெஜி அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. கோடை முழுவதும் கிழமைக்கு இரண்டு நாள் ரயிலேறிப் போய் அவளைக் கூட்டிவந்து, பயிற்சி முடியும்வரை நின்று, திரும்பக் கொண்டுபோய் விட்டார். அவளுக்குத் தமிழ் நாலைந்து சொல்தான் தெரியும். "பந்தைத் தா!" என்று கத்தப் பழகிக்கொண்டாள். அதைக் கேட்க மட்டுமே நானும் இரண்டு தரம் பயிற்சிக்குப் போனேன்.

விண்ணப்பப் படிவத்தில் அவளைச் சாதாரண ஆட்டக்காரியாகத்தான் பதிந்தார். சம்யுக்தாவை வெளியார் என்று பதிந்தார். ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். தன்னுடைய பேத்தி வெளியாளாக இருக்கலாம் என்ற எண்ணமே அந்த மனிதரின் மண்டைக்குள் வரவில்லை. விதி மற்றவர்களுடைய பிள்ளைகளுக்காக எழுதியது.

சுற்றுப்போட்டி நாளில் இருபத்தெட்டுப் பாகை வெயில். ஒஸ்லோவுக்கு அது நெருப்பு. ஓரத்து வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் நிகழ்ச்சிநிரலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். காலையில் மகேசனின் அணி ஆடியபோது எலியாஸ் ஆடாமல் வாங்கில் இருந்தான், விதிப்படி அவனுடைய தம்பிக்கு மட்டுமே இடம். பின்னேரம் சிறுமியர் அரையிறுதி, எங்கள் கழகமும் மகேசனின் கழகமும். பிள்ளைகள் வரிசையாக நின்ற பிறகு மகேசன் ஏழாவது விதி எழுதிய கடதாசியோடு மத்தியஸ்தரிடம் போனார். மத்தியஸ்தர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க நோர்வேஜியப் பெண். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள், பிறகு எங்கள் கழகத்தின் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். பொறுப்பாளர் வேறு யார், றெஜி அண்ணைதான். கழக ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை," என்றாள் அவள், தன் மொழியில். "ஆனால் உங்கள் போட்டி, உங்கள் விதி. இந்த அணியில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வெளியே போகவேண்டும். யார் என்று சொல்லுங்கள்."

"சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்தானே," என்றார் றெஜி அண்ணை நோர்வேஜிய மொழியில், குரலைத் தணித்து. "இந்த ஒருமுறை கண்டும் காணாமல் விடலாமே."

கண்டும் காணாமல் விடுகிற மத்தியஸ்தர்களை முப்பது வருடமாக ஏசிய வாய் அது. அவள் தலையாட்டி மறுத்தாள்.

வரதராசா அண்ணை ஓடிவந்தார். "றெஜி, நிர்வாகம் முழுக்க இஞ்சை நிக்குது. விதி பிழையெண்டு நீர் ஒரு சொல் சொல்லும், இந்த நிமிசமே நிப்பாட்டுறன்."

"நானும் அதுக்குத்தான் வந்தனான், அண்ணை," என்றார் மகேசன். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமலிருந்தது. "என்ர மோனும் காலமை வாங்கில இருந்தவன். சொல்லுங்கோ. எல்லாப் பிள்ளையளும் விளையாடட்டும்."

றெஜி அண்ணை சனத்தைத் திரும்பிப் பார்த்தார். சுற்றி முந்நூறு பேர். மாசி மாதம் கை தூக்கிய முப்பத்தொன்பது பேரும் அங்கேதான் நின்றோம். நானாவது முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் சம்யுக்தாவின் தகப்பன் நின்றார். இந்தமுறை அவர் கையைத் தூக்கவுமில்லை, சார் என்று கூப்பிடவுமில்லை. நடுக்கோட்டில் சோஃபி துள்ளித் துள்ளிக் கால்களைச் சூடாக்கிக்கொண்டு, "அப்பப்பா, என்ன பிரச்சினை?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

அவர் மகேசனைப் பார்த்தார். மகேசன் காத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் தன் விதி பிழை என்று சொல்ல றெஜி அண்ணை ஆயத்தமில்லை.

"நாலாம் நம்பர்," என்றார் மத்தியஸ்தரிடம். "நாலாம் நம்பர் வெளியே."

பெயரைச் சொல்லவில்லை. மத்தியஸ்தர் பட்டியலைப் பார்த்து, சோஃபியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். சோஃபி முதலில் சிரித்தாள், பகிடி என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு அப்பப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சம்யுக்தாவின் கையுறையைச் சரிபார்க்கப் போயிருந்தார். சோஃபி அழவில்லை. நடந்து வந்து வாங்கில் இருந்தாள். வாங்குக்குப் பின்னால் சனம். எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். டானியலுடன் ஒட்டிய றெஜி அண்ணையின் பெயர் இந்த நாட்டுக் கடதாசிகளில் குடும்பப் பெயராகி, அப்படியே சோஃபிக்கும் வந்துவிட்டது. அவளுடைய மேற்சட்டையின் முதுகில், நாலாம் நம்பருக்கு மேலே, கொட்டை எழுத்தில் அது இருந்தது: றெஜினோல்ட். பின்னால் இருந்தவர்களில் ஒருத்தி அதை வாய்விட்டு வாசித்தாள்.

விசில் ஊதியது. றெஜி அண்ணை ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வாங்கடிக்கு வந்து பேத்தியின் பின்னால் நின்றார். "பிள்ளைக்குக் குளிரும்," என்று யாரிடமோ சொன்னார். ஜாக்கெட்டைக் கழற்றி அவள் முதுகில் போர்த்தி, அந்தப் பெயர் மறையும்வரை இரண்டு பக்கமும் கீழே இழுத்துவிட்டார்.