இராசம்மாவின் பீலியும் குணநாதனின் சிவப்புச் சுவெட்டரும்

குணநாதன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அம்பிட்டியவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "லலிதா, இவர் விடியக் கதிரையில சாஞ்சபடியே போயிட்டார்" என்றார் போனில் அவர் மனைவி. "தேத்தண்ணி கேட்டவர். கொண்டு வாறதுக்குள்ள..." அந்த மனுசருக்கு எதற்குத்தான் பொறுமை இருந்தது? ரோட்டில் நின்றே அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனால் மரண அறிவித்தலில் 'சாந்த குணமுடையவர்' என்று போட்டிருந்தார்களே, அதை மட்டும் என்னால் விட முடியாது. ஒரே ஆய்வுகூடத்தில் அவரோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் நான். சாந்தமாவது மண்ணாவது!

குப்பைதான் எங்கள் வேலையும். பிரதேச சபை குப்பை மேட்டில் கொட்டிய பொலித்தீன் கண்ணுக்குத் தெரியாத தூளாக நொறுங்கி, அடியில் கசியும் கறுப்புத் தண்ணீரோடு இறங்கும். அந்த மேட்டுக்குக் கீழே ஒரு லயன், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அங்குள்ளவர்கள் குடிப்பதும் குளிப்பதும் மலைச்சரிவின் ஊற்று நீர் குழல் வழியே விழும் ஒரு பீலியில். கசிவு பீலியில் கலக்கிறது என்று காட்டினால்தான் லயனுக்குக் குழாய்த் தண்ணீர் கிடைக்கும். குணநாதனுக்கு அது வெறும் ஆராய்ச்சியாக இருக்கவில்லை.

பீலியில் எடுத்த முதல் மாதிரியிலேயே பிளாஸ்டிக் இழைகள் தெரிந்தன, நீலமும் பச்சையும் கொஞ்சம், சிவப்புத்தான் நிறைய. "சபைக்காரர் ஆப்பிட்டாங்கள், லலிதா!" என்று துள்ளினார். சபைக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டி எல்லாரையும் வாயடைக்க வைத்தார். அடுத்த வாரம், சரிபார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த சுத்தமான தண்ணீரிலும் அதே சிவப்பு. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தார், மனைவி நைலோன் நூலில் பின்னிக் கொடுத்த சிவப்புச் சுவெட்டரோடு.

"குணநாதன், அந்தச் சுவெட்டரக் கொஞ்சம் கழட்டுங்க."

"ஏன், எனக்குக் குளிருதே!"

விஷயத்தைச் சொன்னதும் மனுசர் சுவெட்டரைக் கழற்றி, அதிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து நின்றார். "போன முறை காட்டின சிவப்பு நூல் என்ர சுவெட்டரில இருந்து விழுந்தது. மனுசி பின்னினது. ஆனா நீலமும் பச்சையும் என்ர இல்லை. அது உங்கட குப்பை." சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்து, திரும்பச் செய்துகொண்டு வாருங்கள், குழாயைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் போட்ட சட்டம் இருக்கிறதே! மேட்டுக்கு வருகிறவர்கள் பருத்தி மட்டும்தான் உடுத்த வேண்டும், அதுவும் வெள்ளை. மாதிரி எடுக்கக் கண்ணாடிப் போத்தல்தான். போதாததற்குச் சாராயப் போத்தல்களைக் கழுவி எடுத்துக்கொண்டோம். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேலையுமாக நாங்கள் லயனுக்குள் இறங்கியதும், கடைசி வீட்டு இராசம்மா ஓடிவந்தார்.

"யாரு வூட்டு எழவுங்க சேரு? போத்தல வேற கையோட கொண்டாந்திருக்கீங்க!"

"எழவு விழாமல் இருக்கத்தானம்மா வந்தனாங்கள்" என்றார் குணநாதன்.

இந்த முறை சிவப்பு இல்லை. நீலமும் பச்சையும் அப்படியே இருந்தன. ஒருவழியாகக் குழாய் வந்தது. குணநாதன் லயன் முழுக்க லட்டுக் கொடுத்தார். லட்டைத் தின்றுவிட்டு இராசம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே பீலிக்குப் போனார்.

"பைப்புத் தண்ணி மருந்து நாத்தம் சேரு. தேத்தண்ணிய வாயில வைக்க ஏலாது."

"பீலியில தூள் கிடக்குதம்மா!"

"எங்க, காட்டுங்க பாப்போம்."

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா எல்லா இடத்திலயும் இருக்கு."

"அப்ப சாமின்னு சொல்லுங்க!"



ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் இராசம்மாவோடு சண்டை பிடித்தார். "இது உடம்புக்கு என்ன செய்யுமெண்டு முழுசாத் தெரியாதுதான். தெரியாததைக் குடிக்கிறது வீரமில்லை" என்பார். இராசம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எந்தத் தண்ணி என்று கேட்பார். இவர் "பைப்" என்பார். பீலியாக இருக்கும். தலையில் அடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்துவிடுவார்.

அவருடைய காரியம் முடிந்து லயனுக்குப் போனேன். இராசம்மா குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"பீலிக்குப் போகலயா?"

"இல்லைங்க மிஸ்."

"நாத்தம்னு சொன்னீங்களே?"

"நாத்தந்தான்." குழாயை மூடினார். "முன்னெல்லாம் போனா சேரு வந்து சண்ட புடிப்பாரு. இப்ப போனா யாரு வந்து ஏசப் போறா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்றினார்.

பக்கத்து வீடுகள் இன்னும் பீலியை விடவில்லை. குணநாதனுடைய கட்டுரைகளைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளட்டும். அவருடைய சண்டையை நான் எடுத்துக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை போகிறேன்.