ஏழாம் அறைக்கு ஒரு வழி

சிலமலைப் பொன்னுமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவளுக்கு அந்த வாய்தான் போடியில் வேலையும் வாங்கித் தந்தது. அத்தை மகன் அழகுமலை ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டு ஏலக்காய் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டான். ஓட்டத்தான் ஆள் இல்லை. "நான் ஓட்டுறேன் மச்சான்" என்று போய் உட்கார்ந்துவிட்டாள். தை பிறந்தால் அவனோடு கல்யாணம் என்று பேசியிருந்ததால் வீட்டிலும் தடையில்லை.

மெஷின் ஒன்று, ஆட்கள் பலர். நல்லவேளையாக அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை எண் போட்டு அறை அறையாகப் பிரிக்கலாம். மூன்றாம் அறையில் ஓடும் புரோகிராமுக்குப் பெயரைச் சரியாகவே கொடுத்தாலும் ஏழாம் அறை ஃபைல் அகப்படாது. அறை மாறும் கட்டளையையும் பொன்னுமணி தன்னைத் தவிர யாருக்கும் இல்லாமல் எடுத்துவிட்டாள். மூன்றாம் அறை பெரிய வியாபாரி ஜக்கையனுக்கு. ஏழாம் அறை மலைமேல் துண்டுத் தோட்டம் வைத்திருந்த சம்சாரிகளுக்கு.

ஏலத்தில் வியாபாரிகள் கேட்ட விலை கட்டுபடியாகாவிட்டால் சரக்கைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத் தோட்டக்காரருக்கு உரிமை உண்டு. மழையில் இறங்கி வர முடியாதவர்கள், இதற்குக் கீழே கொடுக்காதே என்று கடைசி விலையைப் பொன்னுமணியிடம் சொல்லிவைப்பார்கள். அவள் அதை ஏழாம் அறையில் ஏற்றிவைத்து, அவர்களுக்காக ஏலத்தில் உட்காருவாள். புருஷனிடம்கூட அதைச் சொல்லாத மலைத் தோட்டக்காரி செல்லத்தாய் இவளிடம் சொன்னாள்.

"பெட்டிக்குள்ள போட்டாப் போட்டதுதான் பெரியம்மா. ஈ, காக்கா பாக்காது" என்று பொன்னுமணி அடித்துச் சொன்னாள்.

ஒருநாள் அழகுமலை சலித்துக்கொண்டான். "ஏ மணி, நகல் எடுக்க நீ அறை அறையா ஏறி எறங்கவே பொழுது போயிருது. ஃபைல் பேருக்கு முன்னாடி அறை நம்பரப் போட்டாத் தொறக்குற மாதிரி செய்ய முடியாதா?"

சி மொழியில் ஃபைல் திறக்கும் பகுதிக்கு அறை என்பதே தெரியாது. பொன்னுமணி அதைத் திருத்தி எழுதினாள். திறக்கும்போது மட்டும் அறை மாறினால் நீளமான ஃபைல் பாதியில் நின்றது. படிக்கும் ஒவ்வொரு முறையும் மாறித் திரும்ப வேண்டும் என்று பிடிபட்டபோது, தரையில் கால் பாவவில்லை அவளுக்கு. அழகுமலை அல்வா வாங்கி வந்தான். இப்போது சொன்னால் ஊரே சிரிக்கும், நிஜ அல்வாதான்.

அதன்பிறகு மலைச் சரக்கு ஏலத்துக்கு வந்தாலே, சொல்லிவைத்த கடைசி விலையைத் தொட்டதும் ஜக்கையன் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்களும் அவரைப் பார்த்து நிறுத்தினார்கள். சொன்ன விலை வந்துவிட்டதால் பொன்னுமணி தலையாட்ட வேண்டியதாயிற்று.

மறந்துவிட்ட குடையை எடுக்க ஒரு மதியம் திரும்பி வந்தாள். அது ஜக்கையனின் வாடகை நேரம். அவருடைய கணக்குப்பிள்ளை சோணை மெஷின் முன்னால் இருந்தான். திரையில் செல்லத்தாயின் பெயரும் விலையும்.

"இது எப்படிண்ணே ஒங்களுக்கு வந்துச்சு?"

"அழகுமலைதான் அந்த நகல் புரோகிராமக் குடுத்தாப்ல. முன்னால ஏழு போட்டா வருதே! நீ எழுதுனதாமே, கெட்டிக்காரிதான்."

 பொன்னுமணியின் கையாலேயே செய்யவைத்து, மெச்சி, இனிப்பும் ஊட்டியிருக்கிறான் பாவி. நேரே அழகுமலையிடம் போய்க் கேட்டாள். அவன் அசரவில்லை.

"நான் என்னத்தத் திருடுனேன்? நீ எழுதுனதத்தான ஓட்டுனேன். ஜக்கையன் குடுத்த காசு இல்லன்னா கல்யாணச் செலவ ஒங்கப்பனா பாப்பான்?"

"கல்யாணமா? வேற எவளயாச்சும் பாரு" என்று சொல்லிவிட்டு, தான் எழுதியதையும் ஏழாம் அறையையும் மொத்தமாக அழித்தாள். மறுநாள் ஜீப்பு பிடித்து மலைக்குப் போனாள்.

செல்லத்தாய் களத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நீதான் வெலயச் சொல்லிட்டேங்குறாக. நான் நம்பல ஆத்தா. யார்ட்டயும் சொன்னியா?"

"சொல்லல பெரியம்மா. சொல்லாமலே தெரியிற மாதிரி செஞ்சு குடுத்துட்டேன்."

அழகுமலை கேட்டதையும் தான் எழுதியதையும் பொன்னுமணி விளக்கிச் சொன்னாள். செல்லத்தாய் பொறுக்குவதை நிறுத்தவே இல்லை.

அடுத்த ஏலத்தன்று அடைமழை. பொன்னுமணி மனசு கேட்காமல் போய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் சரக்குக்குத் தானே விலை சொல்லச் செல்லத்தாய் முக்காட்டோடு நனைந்தபடி உள்ளே வந்தாள். பொன்னுமணி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். செல்லத்தாய் அதைப் பார்த்தாள். பிறகு எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.