முன்சீட்டு

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் அவர். மனைவி இறந்ததிலிருந்து, எவ்வளவு கூட்டம் நெரித்தாலும் தன் பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டார்.

என் மனைவியைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன் என்றதும், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னேன். நரைத்த மீசையை நீவிக்கொண்டார்.

"பின்கேட்டுக்கு எதிர்ல இட்லி நொம்ப மெத்துனு இருக்குமுங்க. அது புடிக்காமப் போனா, பக்கத்துச் சந்துல ரசஞ்சோறு வாங்கிக் குடுங்க. அதுவும் எறங்கலீன்னா, கோயிலுக்கிட்ட ஒரு அம்மா கஞ்சி விக்குமுங்க."

"கஞ்சிக்கு அப்புறம்?" என்று சிரித்தேன்.

"அப்புறம் நான் எந்தக் கடைக்கும் போகலீங்க."

பிறகு துண்டால் அந்த முன்சீட்டைத் துடைத்துவிட்டு, தள்ளி நின்ற என் மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உக்காருங்கம்மா."

அவள் அந்த சீட்டை நோக்கி நகர்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்; விடவில்லை.