அத்தாஉல்லாவின் ஷவர்

கண்டக்குழி ஊரில் ஷவர் பூட்டிய அறைக்குச் சொந்தக்காரர்கள் என்ற கண்ணியமான வரிசையில் அத்தாஉல்லா சேர்ந்தது போன ரமழானுக்குப் பிறகுதான். தோணியை விற்று, வளவின் கடலோர மூலையில் விருந்தாளிகளுக்கென்று அறையைக் கட்டினார். அதற்கென்றே அங்கு ஒரு குழாய்க்கிணறும் அடித்தார். பக்கத்து வளவில் பெரிய லொட்ஜ் வைத்திருக்கும் றிஸ்மின் இறக்கியதைவிட ஆழமாக இறக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. வீட்டுக்கு வந்த மச்சான்மாரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஷவரைக் காட்டக் கூட்டிப்போனார். அதில் அவர் ஒருநாளும் குளித்ததில்லை. விருந்தாளிக்கு வைத்ததில் வீட்டுக்காரன் குளிப்பதாவது! அவருக்கு வாப்பா வெட்டிய கிணறு போதும்.

முதல் விருந்தாளியாக வந்தவன் றொபி. மட்டக்களப்பிலிருந்து சைக்கிளில் நாடு சுற்றுகிறவன். ஊரிலேயே மலிவான அறை எதுவென்று விசாரித்து வந்திருந்தான். அத்தாஉல்லா அதைத் தனக்குக் கிடைத்த கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை றொபி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனான். அது தெருவேலி ஓரம். போனவர் வந்தவர் எல்லாரும் பார்த்தார்கள். றிஸ்மின் வேலியில் கைவைத்து நின்றே பார்த்தார்.

"என்ன நானா, ரூமுல தண்ணி வாரல்லியா? பாவம் பொடியன்."

அத்தாஉல்லாவுக்கு முகம் செத்துவிட்டது. பின்னேரத்துக்குள் இந்தக் கதை கல்பிட்டிக்குப் போய்விடும். தண்ணீர் வராத இடம் என்று பெயர் எடுத்தால், அறையில் கோழிதான் அடைக்கலாம். எனவே ஒரு நிர்வாகிக்குரிய துணிவோடு வாளியைக் குசினிக்குள் ஒளித்தார். றொபி கேட்டதும் மனைவி பஸீஹா அதைக் கழுவியே கொடுத்தாள்.

"தம்பி, ஷவர் ஈக்கிதானே?" என்று கேட்டார் அத்தாஉல்லா.

"ஓம் காக்கா, வடிவான ஷவர்."

"அப்ப?"

"கோவிக்காதீங்க. அதுல உப்புத் தண்ணி வருது. சவுக்காரம் நுரைக்கவே இல்ல. உங்கட கிணத்துத் தண்ணி இளநி மாதிரி."

அத்தாஉல்லா சாரத்தோடு ஷவருக்குள் நுழைந்தார். வெளியே வந்தபோது தாடி தேங்காய்த் தும்பாகியிருந்தது. பஸீஹா வாளியை நீட்டினாள்.

அடுத்த நாள் காலை, றிஸ்மினின் லொட்ஜில் தங்கியிருந்த இரண்டு பேர் தும்புத் தலையும் துவாயுமாக வேலியடியில் வந்து நின்றார்கள். கடற்கரையில் றொபி அவர்களுக்குக் கிணற்றின் புகழைச் சொல்லியிருந்தான். பின்னால் றிஸ்மின், தொண்டையைச் செருமியபடி.

"நானா, இவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் குளிக்கட்டுமா?"

அத்தாஉல்லா தொப்பியைச் சரிசெய்தார். கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் பெருந்தன்மை ஒரு லொட்ஜ்காரருக்கு அழகு என்பதால் விழுங்கிக்கொண்டார்.

"ஏன் றிஸ்மின் தம்பி," என்றாள் பஸீஹா குசினிக்குள்ளிருந்து, "ஒங்கட ரூமுல தண்ணி வாரல்லியா?"

அத்தாஉல்லா அதைக் காதில் விழாததுபோல் கிணற்றடிக்கு நடந்தார். முதல் வாளியைத் தன் கையாலேயே இறைத்தார்.

"வாப்பா வெட்டின கிணறு," என்றார் விருந்தாளிகளிடம். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க."