திரையில் வந்த கினுவேயின் கைகள்

குரே என்ற ஜப்பானியத் துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்தெருவில் கினுவே ஒரு சலூன் வைத்திருந்தாள். இரண்டே நாற்காலி. முப்பத்தாறு வருஷமாக அவள் வெட்டிய தலைகளில் பாதி கடற்படைத் தலைகள்தான். கப்பல்கள் கரையில் நின்றால் உட்கார நேரமிருக்காது. கிளம்பிவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். கத்தரிக்கும்போது அவள் வாய் ஓயாது. யார் எந்தக் கப்பல், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கணவர் ஷிகேரு கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருஷம் அதே தளத்தில் ஒரு சினிமாக் கம்பெனி, பழைய போர்க்கப்பலின் முன்பாதியை மரத்திலும் தகரத்திலும் கட்டியது. மாலுமிகளாக நிற்க ஊரிலிருந்து நூற்றெண்பது ஆண்களை எடுத்தார்கள். அத்தனை பேருக்கும் முடியை ஒட்ட வெட்ட வேண்டும். அந்த வேலை கினுவேக்கு வந்தது.

வரிசையில் ஷிகேருவும் நின்றார். அதிகாரி வேஷம் கிடைக்கும், அதிகாரிக்கு முடி இருக்கலாம் என்று நம்பிப் பெயர் கொடுத்திருந்தார். கிடைத்தது கொதிகலனுக்குக் கரி அள்ளும் வேலை. காதோரம் வளர்த்து வழுக்கைக்குக் குறுக்கே சீவிவிட்டிருந்த முடியைத் தடவியபடி மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பார்த்து எடு," என்றார்.

"பார்க்கறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றாள் கினுவே. வரிசையே சிரித்தது. அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது.

படப்பிடிப்பு தொடங்கிப் பத்து நாள் கழித்து, உதவி இயக்குநர் நிஷியோகா என்ற பெண் மூச்சிரைக்கச் சலூனுக்கு ஓடி வந்தாள். மறுநாள் ஒரு முக்கியமான காட்சி. கப்பல் புறப்படுவதற்கு முன் ஒரு மாலுமிக்கு முடி வெட்டுகிறார்கள். திரும்பி வராவிட்டால் நினைவாக இருக்கட்டும் என்று, அதில் ஒரு பிடியை அவன் உறையில் போட்டு அம்மாவுக்கு அனுப்புகிறான். மாலுமியாக நடிக்கும் தோமோயா, வேஷத்துக்காகவே நான்கு மாதம் முடி வளர்த்திருந்தான். விக் வேண்டாம், நிஜ முடிதான் விழ வேண்டும் என்பதில் இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். அதனால் ஒரே தடவைதான் எடுக்க முடியும். கப்பல் நாவிதனாக நடிக்கிற பையனுக்கோ கையால் அழுத்தி முடி வெட்டும் அந்தக் காலத்துக் கைமிஷினைப் பிடிக்கவே வரவில்லை. ஒத்திகையில் இரண்டு பேர் தலையில் முடியைப் பிடுங்கிவிட்டான்.

"உங்க கை மட்டும் போதுங்க அக்கா," என்றாள் நிஷியோகா.

கினுவே தொழில் கற்றது கைமிஷினில்தான். சரி என்றாள். விஷயம் தெரிந்ததும் ஷிகேருவுக்குப் பொறுக்கவில்லை. "கப்பல் கட்டினவன் கீழ கரி அள்றான். இவங்க மேல போய் நடிக்கிறாங்க," என்று பக்கத்துக் கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் முதல் சிக்கல் கல்யாண மோதிரம். சோப்பு போட்டு அரை மணி நேரம் இழுத்த பிறகுதான் கழன்றது. விரலில் பதிந்திருந்த வெள்ளைத் தடத்தை மேக்கப்காரர் பூசி மறைத்தார். நரம்புகளையும் சுருக்கங்களையும் மறைக்க இன்னொரு மணி நேரம் ஆனது. சீருடைக் கையை மாட்டியதும், முழங்கைக்குக் கீழே இருபது வயசு மாலுமி, மேலே ஐம்பத்தெட்டு வயசு கினுவே. இரண்டாவது சிக்கல் அவள் வாய். மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்றார்கள். பேசாமல் அவள் ஒரு தலையைக்கூட வெட்டியதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கேமரா ஓடியது. உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துத் தோமோயாவின் தலையை மெல்லக் குனிய வைத்தாள். கைமிஷின் நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போனது. கறுப்பு முடி மடியில் கொத்துக்கொத்தாக விழுந்தது. எங்கும் சிக்கவில்லை. கடைசிக் கீற்றையும் எடுத்துவிட்டு, சலூனில் எல்லோருக்கும் செய்வதுபோல, யோசிக்காமலே பிடரியில் ஒட்டியிருந்த முடியை உஃப் என்று ஊதிவிட்டாள். தோளில் இரண்டு தட்டும் தட்டினாள்.

தோமோயாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். இயக்குநர் நிறுத்தச் சொல்லவேயில்லை. நிஷியோகா மூக்கை உறிஞ்சினாள்.

காட்சி முடிந்த பிறகுதான் கினுவேக்கு உறைத்தது. ஊதச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

"ஊதினது தப்பாயிடுச்சா?" என்றாள் இயக்குநரிடம்.

"அதை நான் எழுதியிருக்கணும்," என்று அவர் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

சாப்பாட்டு வேளையில், மழமழவென்ற தலையோடு தோமோயா அவளைத் தேடி வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குப் பிடரியில பயங்கரக் கூச்சம். நீங்க ஊதினதும் சிரிப்பு வந்துடுச்சு. நாலு மாச முடியாச்சே, வீணாப் போயிடுமேன்னு முகத்தை மூடிக்கிட்டேன்."

கினுவே சத்தியம் செய்து கொடுத்தாள்.

அடுத்த கோடையில் படம் ஊருக்கு வந்தது. ஷிகேரு வந்த காட்சியில் கரிப்புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. இடமிருந்து மூன்றாவது புகை தன்னுடையதுதான் என்று சாதித்தார். முடிவெட்டும் காட்சி வந்ததும் அரங்கமே கலங்கியது. மீன் சந்தைக்காரர்கள் வாய்விட்டு அழுதார்கள். கினுவே கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். ஷிகேரு அவள் முதுகைத் தடவிவிட்டார். தடவத் தடவ அவள் இன்னும் குலுங்கினாள்.

படம் பார்த்த பிறகும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். அதற்குமேல் முடியவில்லை. ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது தோமோயாவின் ரகசியத்தைக் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"நான் அந்தப் படத்துக்கு மூணு தடவை போய் அழுதிருக்கேன்," என்றார்.